பழைய கிட்டார் வாங்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1956-இல் செய்த 00-18 ரகக் கிட்டார். மேற்பலகையில் ஒரு விரிசல், மேற்பலகையில் கீறல் படாமலிருக்க ஒட்டும் பிக்கார்டுத் தகட்டின் ஓரம் சுருண்டு எழும்பியிருக்கிறது, கழுத்தின் பின்புறம் லாக்கர் பூச்சு தேய்ந்து வெறும் மரம் தெரிகிறது. “இந்தப் பணத்துக்குப் புதிதாகவே நல்லது ஒன்று வாங்கிவிடலாமே அத்தை, பழசில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறாய். அப்படிக் கேட்பவன் தலை முதல் அடி வரை ஒரு மூலை விடாமல் படம் எடுத்து அனுப்புவானா? வாங்குவது என்று முடிவு செய்துவிட்டு என்னிடம் அனுமதி கேட்கிறாய். தருகிறேன். அதற்கு முன், கடைக்காரர் உன் காதில் போட்டிருக்கக்கூடிய சில கதைகளை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.

“விலை ஏறிக்கொண்டேதான் போகும்” என்று நிச்சயம் சொல்லியிருப்பார். ராக் பாடகர் கர்ட் கோபேன் வாசித்த 1959-ஆம் ஆண்டு மார்ட்டின் டி-18இ, 2020-இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசித்த 1939-ஆம் ஆண்டு மார்ட்டின் 000-42, 2004-இல் 7,91,500 டாலருக்கு விற்றது. இந்தச் செய்திகளின் நிழலில்தான் பெயர் தெரியாத பழைய கிட்டார்களுக்கும் விலைச்சீட்டு எழுதுகிறார்கள். உண்மையில் டி-18இ என்பது மார்ட்டின் நிறுவனம் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பொருத்தி 1958-59-இல் செய்து பார்த்து, எடுபடாமல் கைவிட்ட மாடல். கோபேன் தொடாத ஒன்றுக்கு அந்த விலையில் நூறில் ஒரு பங்குகூடத் தர மாட்டார்கள். சேமிப்பு வேண்டுமென்றால் வங்கி இருக்கிறது, உன் அப்பாவிடம் கேள்.

அடுத்தது மரக் கதை. இதில் உனக்குக் கொஞ்சம் உரிமைக் கோபமும் வரலாம். 1969 வரை மார்ட்டினின் உயர்ந்த ரகங்களில் பலவற்றுக்கு முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட்டில்தான் அமைந்தன. அந்த மரத்தைத் தடியாக ஏற்றுமதி செய்வதை பிரேசில் தடுத்ததும், நாசரேத்துக்காரர்கள் (தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தை நினைத்துக்கொள்ளாதே, பென்சில்வேனியாவின் நாசரேத், மார்ட்டின் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது) இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். அதாவது நம் ஈட்டிமரம். கூடலூர், வயநாடு, குடகு என்று பஸ்ஸில் கடந்துபோவோமே, அந்தக் காடுகளின் மரம். அன்றிலிருந்து சேகரிப்பாளர்களின் விலைப்பட்டியலில் ஒரு கோடு விழுந்துவிட்டது. ‘பிரேசில்’ என்றால் ராஜமரியாதை, ‘இந்தியன்’ என்றால் போனால் போகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தைச் சேர்ந்த கைவினைஞர் ஒருவர் ஆறு கிட்டார்கள் செய்து தந்தார். முதுகு, பக்க மரங்கள் மட்டும் வேறுவேறு. மற்றதெல்லாம் முடிந்தவரை ஒன்றுபோல. பிரேசில் ரோஸ்வுட், ஈட்டி, மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்கள், மரம் இன்னதென்று கண்ணுக்குத் தெரியாத நிலையில் வாசித்துப் பார்த்தார்கள். அவர்கள் தந்த மதிப்பெண்களில் பிரேசிலுக்கு எந்தக் கிரீடமும் கிடைக்கவில்லை. உன் 00-18 மகோகனி என்பதால் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி “இது ரோஸ்வுட் அல்லதான், ஆனாலும்” என்று தொடங்கினால், அந்த ‘ஆனாலும்’ உனக்குத் தேவையில்லை.

வயதானால் மரம் பாடும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. மரத்தில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் காலப்போக்கில் சிதைகிறது, பலகை ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது, எடை சற்றுக் குறைகிறது. ஆனால் இதற்காக மட்டும் நீ பழசு வாங்க வேண்டாம். இதே மாற்றத்துக்காகவே இன்று ஆக்சிஜன் குறைந்த அடுப்பில் மேற்பலகையைச் சூடேற்றிப் பதப்படுத்தி, புதிய கிட்டாரில் ஒட்டி விற்கிறார்கள். தினமும் வாசித்தால் ஒலி திறந்துகொள்ளும் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. நான் செய்ய மாட்டேன். அந்தக் காலத்துக் கிட்டார்கள் எல்லாமே அற்புதம் என்று நமக்குத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம், மோசமானவை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன என்பதுதான்.

இவ்வளவையும் கழித்த பிறகு மிச்சம் என்ன என்றுதானே கேட்கிறாய்? நிறைய இருக்கிறது.

முதலாவது, துணிச்சல். ஒரு செட் எஃகுக் கம்பிகள் சுருதி சேர்ந்து நிற்கும்போது 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அதைத் தாங்குவது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் ஸ்புரூஸ் மரப் பலகையும், உள்ளே எக்ஸ் வடிவில் ஒட்டிய சில மரத் தாங்கிகளும்தான். பலகை மெலிந்தால் நன்றாக அதிரும். இன்னும் மெலிந்தால் வயிறு தள்ளி உடையும். 1930-களில் மார்ட்டின் அந்த எல்லைக்கு மிக அருகில் வேலை செய்தது. தாங்கிகளை நடுவில் குழிவாகச் செதுக்கி எடை குறைத்தார்கள். பிறகு வாசிப்பவர்கள் தடித்த கம்பிகளைப் போடத் தொடங்க, மேற்பலகைகள் உப்பி வர, 1944 இறுதியில் அந்தச் செதுக்கலை நிறுத்திவிட்டார்கள். 1960-களின் கடைசியில், மேற்பலகைமேல் கம்பிகள் வந்து சேரும் பிரிட்ஜுக்கு அடியில் ஒட்டும் பலகையையும் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு மாற்றமும் பழுதுக்குத் திரும்பி வரும் கிட்டார்களைக் குறைத்தது, ஒலியிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. உன் 1956 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. செதுக்கல் இருக்காது, ஆனால் பின்னால் வந்த கனமும் இருக்காது. கையில் எடுத்ததும் “இவ்வளவுதானா?” என்று தோன்றியிருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். இன்றும் சில கைவினைஞர்கள் இவ்வளவு லேசாகச் செய்கிறார்கள். அவர்கள் கேட்கும் விலையை விசாரித்துவிட்டு எனக்கு எழுது.

இரண்டாவதைச் சொல்ல ஒரு கிட்டாரின் வரலாறு போதும். 1935-இல் செய்த ஒரு மார்ட்டின் டி-28. அது புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வாசித்த கிளாரன்ஸ் வைட் என்ற கலைஞரின் கைக்கு வந்தபோதே அடிபட்டிருந்தது. ஒலித்துளையை யாரோ பெரிதாக அறுத்துவிட்டிருந்தார்கள். கழுத்தின்மேல் விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டும் அசல் இல்லாமல் போனது. வைட் சில ஆண்டுகள் வாசித்தார். பிறகு அது கைமாறியது. 1973-இல் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் கார் மோதி வைட் இறந்தார். சிறுவனாக இருந்தபோதே அந்தக் கிட்டாரைப் பார்த்து மயங்கியிருந்த டோனி ரைஸ் என்ற இன்னொரு புளூகிராஸ் கலைஞர், 1975-இல் அது இருக்குமிடத்தைத் தேடிப் பிடித்து 550 டாலருக்கு வாங்கினார். 1993-இல் புயல் வெள்ளத்தில் அது மூழ்கியது. மீட்டு, காயவைத்து, சரிசெய்து, மறுபடியும் வாசித்தார். 2020-இல் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது.

சேகரிப்பாளரின் சட்டப்படி அது பாழாக்கப்பட்ட கிட்டார். அறுத்த துளை, மாற்றிய ஃப்ரெட்போர்டு, வெள்ளத்தில் ஊறிய மரம். ஆனால் உலகத்தில் உள்ள டி-28-களில் எதை ஒரு நாள் வாசிக்கத் தருகிறோம் என்று கேட்டால், புளூகிராஸ் வாசிக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு சேதத்துக்குப் பிறகும் யாரோ ஒருவர் அதைச் சரிசெய்யத் தகுந்தது என்று நினைத்தார். கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு கிடந்து, கீறல் இல்லாமல் வெளியே வரும் பழைய கிட்டார்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். அத்தனை காலம் ஏன் ஒருவரும் அதை எடுத்து வாசிக்கவில்லை? உன் 00-18-இன் கழுத்தில் தேய்ந்திருக்கும் இடத்தைப் பார். முதல் மூன்று ஃப்ரெட்டுகளின், அதாவது ஃப்ரெட்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின், பின்புறத்தில்தான் தேய்மானம். யாரோ வீட்டுக்குள் உட்கார்ந்து, சில கம்பிகளை அழுத்தாமல் விட்டு மீட்டும் திறந்த கார்டுகளில் ஆண்டுக்கணக்காகப் பாடியிருக்கிறார். எனக்கு அது போதுமான சான்றிதழ்.

என்னுடைய கிப்ஸன் எல்ஜி-1-ஐ நீ பார்த்திருக்கிறாய். அந்தக் காலத்தில் தொடக்க மாணவர்களுக்கென்று செய்த மலிவான மாடல். உள்ளே எக்ஸ் வடிவம்கூடக் கிடையாது. ஏணிப்படிகள்போல் குறுக்குக் கட்டைகள். விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கார்டாக அடித்தால் உண்மையிலேயே சுமார்தான். ஆனால் விரலால் ஒற்றை ஒற்றைக் கம்பியாக எடுத்தால் ஒரு வறண்ட, நேரடியான குரல் வரும், ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். பழைய புளூஸுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

கிப்ஸன் என்றதும் இன்னொன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிச்சிகன் மாநிலம் கலாமசூவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஆண்கள் போருக்குப் போக, கிட்டார்களைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். 1942-இல் வந்த ஜே-45-இன் முதல் தலைமுறை அவர்கள் கைவேலை. தலைப்பலகையில் “கிப்ஸன் ஒன்றே தகும்” என்ற பொருளில் ஒரு சிறு வாசகப்பட்டை இருக்கும். அதை வைத்து அடையாளம் காணலாம். இன்று அவற்றுக்கு என்ன விலை என்று தேடிப் பார். செய்தவர்களின் பெயர் எந்தக் கிட்டாரிலும் இல்லை. உன் அப்பாவுக்கும் இதைச் சொல், “பெண்பிள்ளைக்கு எதற்குக் கிட்டார்” என்று ஒரு காலத்தில் நம் வீட்டில் நடந்த பேச்சு அவருக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். உன் கிட்டாரில் நான் பயப்படுவது அந்த விரிசலுக்கு இல்லை. அன்று பிக்கார்டை லாக்கர் அடிப்பதற்கு முன்பே வெறும் மரத்தில் ஒட்டினார்கள். செல்லுலாய்டு வயதாக ஆகச் சுருங்கும், கூடவே ஸ்புரூஸையும் இழுத்துக் கிழிக்கும். அந்தக் கால மார்ட்டின்களில் இந்த விரிசலை அடிக்கடி பார்க்கலாம். பின்னால் சிறு மரத்துண்டுகள் வைத்து ஒட்டியிருந்தால் போதும்.

கவலைப்பட வேண்டியது கழுத்தின் கோணம். 1985 வரை மார்ட்டின் கழுத்துக்குள் திருகி நிமிர்த்தும் கம்பி கிடையாது. அறுபது எழுபது ஆண்டு இழுவையில் கழுத்து மெல்ல முன்னால் சாயும், கம்பி உயரும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்தினால் விரல் வலிக்கும். அதற்குச் செய்யும் வைத்தியத்தை ‘நெக் ரீசெட்’ என்பார்கள். பதினைந்தாவது ஃப்ரெட்டைக் கழற்றி, சிறு துளை போட்டு, மூட்டுக்குள் நீராவி செலுத்தினால் பழைய வஜ்ஜிரப் பசை இளகும். கழுத்தைப் பிரித்து, அடியை நூலளவு செதுக்கி, புதுக் கோணத்தில் மறுபடி ஒட்டுவார்கள். உன் பாட்டியின் வீணைக்கு மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுவார்களே, அதைப்போல இதுவும் எப்போதாவது செய்தே ஆக வேண்டிய பராமரிப்பு. பல நூறு டாலர் ஆகும். ஏற்கெனவே செய்திருந்தால் கடைக்காரர் அதைக் குறையாகச் சொல்லிக் குரல் தாழ்த்துவார்; நீ உள்ளூர மகிழ்ந்துகொள். செய்யவில்லை என்றால் அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல். சோதிப்பது எளிது. நேரான அளவுகோலை ஃப்ரெட்டுகளின்மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை நீட்டு. அதன் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் சரி. முட்டிக்கொண்டு கீழே நின்றால் சாய்ந்திருக்கிறது.

உள்ளே கழுத்து சேரும் கட்டையில் தொடர் எண் குத்தியிருக்கும். 1898 முதல் ஒவ்வொன்றுக்கும் எண் போடுகிறார்கள். எந்த ஆண்டு என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். “பளபளவென்று பாலிஷ் போட்டுத் தருகிறேன்” என்று யார் சொன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. அந்த லாக்கரைச் சுரண்டினால் விலை பாதியாகும் என்பது ஒரு பக்கம். தடிமனாக ஒரு பூச்சு ஏறினால் நீ எதற்காக வாங்கினாயோ அதுவே போய்விடும்.

பொங்கலுக்குச் சென்னைக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டலாம் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. 1956-இல் ஃப்ரெட்போர்டும் பிரிட்ஜும் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் கிட்டார் சுங்கத்தில் நின்றுவிடலாம். தவிர, அது பழகியது 50 சதவீத ஈரப்பதத்துக்கு. பென்சில்வேனியாவின் ஹீட்டர் போட்ட அறையில் வறண்டுபோவதும் ஆபத்து, மெரினா காற்றில் ஊறுவதும் ஆபத்து. காணொலியில் காட்டு, போதும்.

சனிக்கிழமை கடைக்குப் போவதாக இருந்தால் முன்னதாகச் சொல், நானும் வருகிறேன். ஒலித்துளை வழியாக உள்ளே பார்க்க பல் மருத்துவர்கள் வைத்திருப்பதுபோன்ற சிறு கண்ணாடியும் டார்ச்சும் என்னிடம் இருக்கின்றன. பிரிட்ஜுக்கு அடியில் உள்ள பலகையைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதே. பேரத்தை என்னிடம் விட்டுவிடு.

அன்புடன்,
அத்தை