முதலில் வெளியேறுவது 4எஸ் எலக்ட்ரான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் 1 வேதியியலில் அணுவின் எலக்ட்ரான் அமைப்பைச் சரியாக எழுதும் மாணவர்கள்கூட அயனி (எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை கொண்ட அணு) என்றதும் தடுமாறுகிறார்கள். தவறு ஒன்றேதான்: கடைசியாக நிரப்பியதையே முதலில் நீக்குகிறார்கள்.

இரும்பின் அணு எண் 26. ஆர்கான் உள்ளகத்துக்கு (உள்ளேயுள்ள 18 எலக்ட்ரான்கள்) வெளியே 4எஸ் என்ற துணைக்கூட்டில் 2, 3டி என்ற துணைக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். நிரப்பும்போது 4எஸ் முதலில், 3டி பிறகு. இரும்பு இரண்டு நேர்மின் அயனியாகும்போது போவது 4எஸ்-ன் இரண்டும், மிஞ்சுவது 3டி⁶ (3டி-ல் 6 எலக்ட்ரான்கள்). மூன்றாவது எலக்ட்ரான் மட்டுமே 3டி-லிருந்து போய் 3டி⁵ ஆகிறது. அணுக்கரு மின்சுமை கூடக்கூட 3டி உள்நோக்கிச் சுருங்கி ஆற்றலில் தாழ்கிறது. 4எஸ் வெளிக்கூடாக நிற்கிறது. நிரப்பும் வரிசை வேறு, நீக்கும் வரிசை வேறு. அணுவை எழுதும்போதே 3டி⁶ 4எஸ்² என்று கூட்டின் எண் வரிசையில் எழுதி, வலது ஓரத்திலிருந்து அழித்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தவறைக் காட்ட இரண்டு நேர்மின் இரும்பு அயனியை எடுக்காதீர்கள். தவறாக 3டி⁴ 4எஸ்² என எழுதினாலும் தனித்த (ஜோடி சேராத) எலக்ட்ரான்கள் 4 என்றே வரும், பிழை மறைந்துவிடும். மூன்று நேர்மின் அயனியில் சரியான விடைக்கு 5 தனித்த எலக்ட்ரான்கள், அவற்றால் வரும் காந்த வலிமையான காந்தத் திருப்புத்திறன் 5.92 போர் மேக்னட்டான் (அதன் அலகு). தவறான 3டி³ 4எஸ்² அமைப்புக்கோ 3.87தான் வரும்.

வழக்கமான நிரப்பும் வரிசைக்கு விலக்கான குரோமியம் (3டி⁵ 4எஸ்¹), தாமிரம் (3டி¹⁰ 4எஸ்¹) இரண்டிலும் அணுவின் அமைப்பை இப்படித் திருத்தி எழுதிய பிறகே எலக்ட்ரானை நீக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர், மதுரை