அக்காவுக்கு: மணையில் கண்ணாடி இருக்கும்

அக்கா,

நேற்று ஆடிப்பெருக்குக்குத் திருவையாற்றுப் படித்துறையில் என் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாய். முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா சொல்லிவிட்டார்கள் என்று புரிந்தது. ஆமாம், ஆவணியில் மூக்குக்கண்ணாடியோடுதான் மணையில் உட்காரப் போகிறேன். மேக்கப்பும் நானே போட்டுக்கொள்கிறேன்.

நேரில் சொல்லாததற்கு மன்னித்துக்கொள். சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன். எப்போதும் அப்படித்தானே நடக்கிறது?

உன் கையில் குறையில்லை. நிச்சயதார்த்தத்தன்று என் தாடையைப் பிடித்து, "மேலே பாருடி" என்று ஐலைனர் போட்டாய். அது காய மெதுவாக ஊதினாய், ஏலக்காய் வாசனை வந்தது. அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது. அப்புறம் என் கண்ணாடியை எடுத்து உன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாய்.

எனக்குப் பவர் மைனஸ் 5. 20 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் ஆற்றில் வரும் புதுத்தண்ணீர் மாதிரி கலங்கல்தான். அவருடைய அம்மா கீழே இருந்து சிரித்தார்களாம், நான் வெறித்துப் பார்த்தேனாம். "பொண்ணுக்குக் கொஞ்சம் கர்வம்" என்று பந்தியில் பேச்சு. நீயும் கேட்டுச் சிரித்தாய். கண்ணாடியைக் கேட்கலாம் என்று தேடினால், நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்றே தெரியவில்லை.

கழற்றச் சொன்னது யார் என்று இங்கே எழுத மாட்டேன். அவர்களும் இதைப் படிப்பார்கள். காவேரிக்கே காதோலை கருகமணி விட்டு அழகு பார்க்கிற ஊர் நம்முடையது. என் கண்ணாடி மட்டும் அலங்காரத்தில் சேராதாம்!

காண்டாக்ட் லென்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஹோமப்புகையில் கேட்கவே வேண்டாம்.

உன் மேக்கப் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. மைனஸ் லென்ஸ் கண்ணைச் சின்னதாகக் காட்டும். நீ இமைக்கு உள்விளிம்பெல்லாம் கறுப்பு மையை அப்பினால் இன்னும் சின்னதாகிவிடும். அங்கே தோல்நிறப் பென்சில் போதும். மேல் இமையில் மெல்லிய கோடு இழுத்து, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தடிமனாக்கினால் சரி. பிளஸ் லென்ஸ் போடுகிறவர்களுக்கு நேர்மாறு, அது கண்ணைப் பெரிதாக்கும், கூடவே மை போட்டதில் உள்ள பிசிறையும். இமைமுடியைச் சுருட்டிவிட்டு மஸ்காராவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸில் கறுப்பாக ஈஷும். மூக்குத்தண்டில் ஃபவுண்டேஷன் பெயருக்குத்தான், மேலே பவுடரை ஒற்றிவிட வேண்டும். நம் ஊர் வேர்வைக்குக் கண்ணாடி அங்கே நிற்காமல் வழுக்கும், எடுத்தால் இரண்டு பக்கமும் தடம். ஃபிரேமின் நிழல் கண்ணுக்குக் கீழே விழும், அதனால் கன்சீலர் அங்கே வேண்டும். புருவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டே வரைந்தால்தான் ஃபிரேமுக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்று புரியும்.

கண்ணுக்கு மை போட மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கைக்கண்ணாடியை 10 சென்டிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பிம்பம் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறதே, என்ன செய்வது? இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து பழகினேன். உன்னிடம் கேட்டிருந்தால் நீ கழற்றத்தான் சொல்லியிருப்பாய்.

ஃபோட்டோ ஃபிளாஷ் அடிக்கும் என்று நீ சொல்லி அனுப்பினாயாம். புது லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது.

தலை பின்னவும் பூ வைக்கவும் நீதான் வர வேண்டும். ஜடைபில்லையும் உன்னிடம்தான் இருக்கிறது. முகூர்த்தம் 6 மணிக்கு, நாலரைக்கு வந்துவிடு. கைப்பையை மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா.