நான்கு நாள் தாமதத்துக்கு 260 ரூபாய்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும் மின் பகிர்மானக் கழக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கோடை ரீடிங் முடிந்ததும் பிரிவு அலுவலகங்களில் நடக்கும் வாக்குவாதம் நீங்கள் அறியாததல்ல. "போன தடவை 1,700 வந்தது, இப்போது எப்படி 2,100?" என்று கேட்டால் "ஏசி ஓடியிருக்கும்" என்று பதில் வருகிறது. பல வீடுகளில் அதுதான் உண்மை. ஏசி கூடுதலாக ஓடாமலே, ரீடிங் எடுக்கும் நாள் தள்ளிப்போனதால் மட்டும் பில் ஏறிய வீடுகளைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு வீட்டில் நாளுக்கு 8 யூனிட் செலவாகிறது என்று வையுங்கள். ஃபிரிட்ஜ், நான்கு ஃபேன், தண்ணீர் மோட்டார், இரவில் நாலைந்து மணி நேரம் ஏசி, அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரீடிங்கைச் சரியாக 60ஆம் நாள் எடுத்தால் 480 யூனிட். 2024 ஜூலை 1 கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அடுத்த 200க்கு 4.70, மீதி 80க்கு 6.30. மொத்தம் 1,679 ரூபாய்.

அதே வீட்டில் கணக்கீட்டாளர் 64ஆம் நாள் வருகிறார். மீட்டர் 512 காட்டுகிறது. 500ஐத் தாண்டியதால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் 2.35 போய் 4.70 ஆகிவிடுகிறது. கடைசி 12 யூனிட்டுக்கு 8.40. பில் 2,140 ரூபாய் 80 காசு. கூடுதலாக ஓடிய 32 யூனிட்டுக்கு 461 ரூபாய் 80 காசு, அதாவது யூனிட்டுக்கு 14 ரூபாய் 43 காசு. ஆயிரம் யூனிட்டுக்கு மேல் எரிக்கும் பங்களாவுக்கே 11.55தானே ஐயா?

"அடுத்த முறை நாள் குறையும், சரியாகிவிடும்" என்பார்கள். அதையும் போட்டுப் பார்த்தோம். அடுத்த 56 நாளில் 448 யூனிட், 1,477 ரூபாய் 40 காசு. இரண்டு பில்லையும் கூட்டினால் 3,618 ரூபாய் 20 காசு. 60 நாளுக்கு ஒருமுறை தவறாமல் எடுத்திருந்தால் 3,358தான். அதே 120 நாள், அதே 960 யூனிட், 260 ரூபாய் 20 காசு அதிகம். அது திரும்பி வருவதே இல்லை.

கணக்கீட்டாளர்களைக் குறை சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையில் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடங்கள் உண்டு. தாமதம் ஆகட்டும், அதற்கான தொகையை நுகர்வோர் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. ஒவ்வொரு கட்டண அடுக்கின் (ஸ்லாப்) யூனிட் வரம்பையும் நாள் கணக்கில் நீட்டுங்கள். 64 நாள் என்றால் 500 வரம்பு 533 ஆகும், இலவச 100 யூனிட் 106 ஆகும். மாதாந்திரக் கணக்கெடுப்பு திமுகவின் 2021 தேர்தல் வாக்குறுதி. அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். நாங்கள் கேட்கும் நாள் கணக்குக்கு எந்த மீட்டரும் வர வேண்டியதில்லை. முந்தைய ரீடிங் தேதியும் இன்றைய தேதியும் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல் போதும்.

வாடகைக்குக் குடியிருப்பவர் நிலை இன்னும் மோசம். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வீட்டு உரிமையாளர் வாங்கும்போது இலவச 100 யூனிட் குடியிருப்பவர் கண்ணிலேயே படுவதில்லை. ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் இருந்தால் 500 வரம்பு எளிதில் உடைகிறது, அந்தச் சுமையும் குடியிருப்பவருக்கே வருகிறது. மின்சாரத்தைச் சேமியுங்கள் என்ற விளம்பரத்தை நம்பி 75 வாட் ஃபேனைக் கழற்றி குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டியவர், பத்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் நாளுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் மிச்சம் பிடிக்கிறார். 60 நாளில் 27 யூனிட். நான்கு நாள் தாமதம் அதை முழுவதும் விழுங்கிவிடுகிறது.

வாடகைதாரர் பிரச்சினை தனியாகப் பேச வேண்டியது. இப்போதைக்கு நாங்கள் கேட்பது நாள் விகிதக் கணக்கு ஒன்றுதான். அதற்கான உத்தரவை ஆணையம் பிறப்பிக்க வேண்டும். அதுவரை பகிர்மானக் கழகம் அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் முந்தைய ரீடிங் தேதி, இன்றைய தேதி, இடைப்பட்ட நாள்கள், எந்த அடுக்கில் எத்தனை யூனிட் என்ற நான்கும் இருக்கட்டும். கணக்கீட்டாளர் ரீடிங்கைக் குறித்துத் தரும் வெள்ளை அட்டை இருந்த காலத்தில் தேதியாவது கையெழுத்தில் இருந்தது. அந்த விவரத்தைத் தயவுசெய்து திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டு மின் நுகர்வோர்