தட்டணுக் குறைவும் ஹாரிங்டன் கேட்ட கேள்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ரத்தவியல் மருத்துவர் வில்லியம் ஹாரிங்டனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்ட அவருடைய துணிச்சலை விறுவிறுப்பாக எழுதிய கட்டுரையாளர், அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்பதை இரண்டு வரிகளில் கடந்துவிட்டார். கோபி வட்டாரத்து ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில், நம் பகுதி வாசகர்களுக்குப் பயன்படக்கூடியது அந்த விடுபட்ட பகுதிதான் என்று கருதுகிறேன்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்து, தோலில் சிவப்புப் புள்ளிகளும் கன்றிய திட்டுகளும் தோன்றும் நோயை ஜெர்மானிய மருத்துவர் வெர்ல்ஹோஃப் 1735லேயே விவரித்திருந்தார். 1916இல் பிராக் நகரில் மருத்துவ மாணவராக இருந்த காஸ்நெல்சன் என்பவரின் யோசனைப்படி ஒரு நோயாளிக்கு மண்ணீரலை அகற்றியதும் தட்டணுக்கள் ஏறின. ஆனாலும் குறை எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியிலா, அல்லது உற்பத்தியான தட்டணுக்கள் ரத்த ஓட்டத்தில் அழிக்கப்படுகின்றனவா என்ற வழக்கு தீரவில்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்தால், மோட்டார் இறைக்கவில்லையா அடியில் ஓட்டையா என்று பார்க்காமல் யாரும் செலவு செய்யமாட்டார்கள் அல்லவா?

ஹாரிங்டனுக்கு ஒரு தடயம் கிடைத்திருந்தது. இந்நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் சிலருக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்து, சில வாரங்களில் தாமாகவே சரியாயின. அப்படியானால் தாயின் ரத்தத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் குழந்தைக்குச் சென்று, பிறகு மறைந்திருக்க வேண்டும். இதைச் சோதிக்கவே 1950இல் செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனையில் ஒரு பெண் நோயாளியின் ரத்தத்தை ஏறக்குறைய அரை லிட்டர் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்திலேயே அவருடைய தட்டணுக்கள் அபாயகரமாகச் சரிந்தன, வலிப்பும் வந்தது. மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது தட்டணுக்களை உண்டாக்கும் பெருஞ்செல்கள் அழியாமல் இருந்தன. சில நாட்களில் எண்ணிக்கை தானாகவே மீண்டது. 1951இல் வெளியான இந்த ஆய்வு, அழிவுக்குக் காரணம் ரத்த நீரில் இருக்கிறது என்று காட்டியது. அது உடலின் சொந்த எதிர்ப்புப் புரதமே (ஆன்டிபாடி) என்பது பின்னர் உறுதியானது. சக மருத்துவர்களுக்கும் அவ்வாறே ஏற்றிப் பார்த்தார்கள் என்பதை நான் வியப்போடு மட்டும் படிக்க முடியவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஹாரிங்டன் பின்னாளில் மயாமி பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராக விளங்கினார்.

நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும், சுவிட்சர்லாந்து மருத்துவர் இம்பாக் 1981இல் குழந்தைகளுக்குப் பயன்படுத்திக் காட்டிய, பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதங்களாலான இம்யூனோகுளோபுலின் ஊசியும் இந்தப் புரிதலின் வழியில் பொருள்பட்டவை. பின்னர், பல நோயாளிகளுக்கு உற்பத்தியும் தேவைக்குக் குறைவாகவே நடக்கிறது என்று தெரியவந்ததால், மஜ்ஜையைத் தூண்டும் எல்ட்ரோம்போபேக் போன்ற மருந்துகள் 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. மழைக்காலம் வந்தால் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் "ஏனுங்க, கவுண்ட் ஏறிருச்சுங்களா?" என்பதே முதல் கேள்வி. தட்டணு குறைந்தால் டெங்கு, டெங்கு என்றால் பப்பாளி இலைச் சாறு, அதற்கும் ஏறாவிட்டால் எப்பாடுபட்டாவது தட்டணு ஏற்ற வேண்டும் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. டெங்குவில் காய்ச்சல் தணிந்த சில நாட்களில் எண்ணிக்கை பெரும்பாலும் தானாகவே ஏறுவதால், பெயர் சாற்றுக்குப் போய்விடுகிறது. அங்கே உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பெரும்பாலும் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவது. அதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, யாரும் கேட்பதில்லை. எதிர்ப்புப் புரதத்தால் வரும் நோயிலோ, வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுக்களும் விரைவில் அழிக்கப்படும் என்பதால், கடுமையான ரத்தக்கசிவு போன்ற நெருக்கடிகளுக்கே மருத்துவர்கள் அதை ஒதுக்குகிறார்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இந்நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் குணமடைகிறார்கள். ரத்தக்கசிவு இல்லையென்றால் பலருக்கு மருந்தில்லாமல் கண்காணித்தாலே போதும்.

நோயே இல்லாமல் எண்ணிக்கை குறைந்து தெரிவதும் உண்டு. ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில், உறையாமல் தடுக்க இட்டிருக்கும் ஈடிடிஏ என்னும் மருந்தால் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இயந்திரம் அந்தத் திரளைத் தட்டணுவாக எண்ணாது. கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலோ, சிட்ரேட் கலந்த நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தாலோ உண்மை விளங்கிவிடும். நாற்பதாயிரம் என்று அச்சான ஒரு தாளைப் பார்த்துக் கலங்கிப்போன குடும்பத்துக்கு, இந்தச் சிறு வேலையைச் செய்துகொடுக்கும் பொறுமை ஒவ்வொரு கூடத்துக்கும் வேண்டும். இயந்திரம் வந்தபின் நுண்ணோக்கிக்குத் துணி போர்த்தி வைத்திருக்கும் கூடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், தட்டணுக் குறைவின் வெவ்வேறு காரணங்களையும், எந்த அறிகுறி கண்டால் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் விளக்கும் கட்டுரை ஒன்றை நம் பகுதி ரத்தவியல் மருத்துவர் எவரிடமாவது கேட்டு வாங்கி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
கோபிசெட்டிபாளையம்.