எல்லாப் படத்துக்கும் வெடித்த எழுத்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமாத் தலைப்பு எழுத்துகள் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை வாசித்தேன். நான் கிளிநொச்சியில் பிளெக்ஸ் அடிக்கிற ஆள். கோயில் திருவிழா, மரண அறிவித்தல், ரியூசன் விளம்பரம், இவைதான் சோறு போடுகின்றன. இடைக்கிடை குறும்படம் எடுக்கிற பெடியளும் போஸ்டருக்கு வருவார்கள்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே எழுத்துத்தான்: வெடிப்பு விட்டு, துருப்பிடித்து, துப்பாக்கிச் சன்னத்துளை விழுந்த எழுத்து. போர்க்கதை என்றால் சரி. காதல் கதைக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு தம்பி வந்தார். தொலைந்த மாட்டைத் தேடி இரண்டு சகோதரங்கள் இரணைமடு வாய்க்கால் வழியே அலைகிற பகிடிக் கதை, அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கடைசியில் பார்த்தால், "அண்ணை, எழுத்தில கொஞ்சம் ரத்தம் வழியிற மாதிரிப் போடுங்கோ" என்கிறார். ஏன் தம்பி என்று கேட்டேன். "வன்னிப் படம் எண்டா அப்பிடித்தானே!"

1960இல் வந்த 'சைக்கோ' என்ற திகில் படத்தைப் பாருங்கள். தலைப்புக் காட்சியை வடிவமைத்த சோல் பாஸ் எழுத்துகளைக் குறுக்காக அறுத்துத் துண்டுகளை விலக்கிவிட்டார், அவ்வளவுதான், அதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. 1979இல் வந்த 'ஏலியன்' என்ற விண்வெளித் திகில் படத்தில் தலைப்பு ஒவ்வொரு கோடாக மெல்ல மெல்ல வரும், அது என்ன சொல் என்று பிடிபடுவதற்குள் வயிறு கலங்கிவிடும். ட்ரேஜன் எழுத்துருவின் கதை வேறு. ரோமாபுரித் தூண் ஒன்றின் கல்வெட்டைப் பார்த்து, கரோல் ட்வொம்ப்ளி 1989இல் அடோபி நிறுவனத்துக்காக வரைந்தது. அரசர் கதைக்கு அச்சொட்டாகப் பொருந்தும். அப்புறம் காதல் படம், பேய்ப்படம் என்று எல்லாவற்றிலும் அதை ஒட்டி ஒட்டி, இப்போது அதைப் பார்த்து என்ன வகைப் படம் என்று சொல்லவே முடியாது. எங்கள் வெடித்த எழுத்தும் அந்த வழியில்தான் போகிறது.

கட்டுரை தொடாத ஒன்று தமிழ் எழுத்தின் உடம்பு. ஆங்கிலத்தில் மர்மப் படம் என்றால் எழுத்துகளைத் தூரத் தூர விட்டு வைக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 'கொலை' என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் தட்டி இடைவெளியை இழுத்தால் கொம்பு (ெ) ஒரு பக்கம், ககரம் நடுவில் தனியாக, அரவு (ா) இன்னொரு பக்கம் போய் நிற்கும்; கொலையுண்டது எழுத்துத்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் எங்களிடம் இல்லை, ஆகவே ட்ரேஜனின் பெரிய எழுத்துக் கம்பீரம் வேண்டுமென்றால் கோட்டின் தடிப்பிலும் சுழியிலும்தான் தேட வேண்டும். குற்றை, அதாவது மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளியை, மட்டும் சிவப்பாக்கினாலே பேய்ப்படத்துக்குப் பாதி வேலை முடிந்துவிடும், இது என் சொந்த அனுபவம்.

மாட்டுப் படத்துக்கு பாமினியை விட்டுவிட்டுக் கையாலேயே வரைந்தேன். தலைப்பில் இரண்டு கொம்பு இருந்தது, இரண்டையும் உண்மையான மாட்டுக் கொம்பாகவே வளைத்துவிட்டேன். தம்பிக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் போகிற நேரம் வாசலில் நின்று, "அண்ணை, ஒரு மூலையில சின்னதா ஒரு சன்னத்துளை?" என்று கேட்டார்.

உங்கள் கட்டுரைத் தலைப்பிலும் கொம்பு ஒன்று எழுத்தை விட்டுத் தள்ளித்தான் நிற்கிறது. அடுத்த முறை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிளெக்ஸ் அடிக்கும் வாசகர்,
கிளிநொச்சி.