நிறையாத தொட்டிகள்

ஐயா,

கடலூரில் வீட்டு செப்டிக் டேங்குகளை ஆய்வு செய்யத் திட்டமிடுவதாக வந்த செய்தியைப் படித்தேன். சரி, ஆனால் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனால் பயனில்லை. அடியில் தளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் சிமென்ட் உறைகளை இறக்கி, அடியை மணலாகவே விட்டிருக்கிறார்கள். "எங்கள் தொட்டி நிறையவே நிறையாது" என்று பெருமை வேறு! நிறையாதது எங்கே போகிறது? எங்கள் தெருவில் பத்தடியில் தண்ணீர். ஐப்பசி மழைக்கு இன்னும் மேலே வந்துவிடும். அப்படி ஒரு மழைக்குப் பிறகு எங்கள் அடிபம்பில் நாற்றம் அடித்தது. இன்று வரை குடிக்க கேன் தண்ணீர்தான்.

தொட்டியை 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். பல ஆண்டுகளாகக் கழிவுநீர் லாரியையே கூப்பிடாத வீடுகளை முதலில் பட்டியலிடட்டும். அப்புறம் அவற்றைச் சுற்றியுள்ள கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கலாம்.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்