புயலுக்கு மாசியிலேயே தயாராவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியிருக்கும் இந்த மாசி மாதத்தில் புயலைப் பற்றி ஒருத்தி கடிதம் எழுதுகிறாளே என்று தாங்கள் நினைக்கக்கூடும். காரணத்தோடுதான் இப்போது எழுதுகிறேன்.

கடந்த ஐப்பசியில் தங்கள் நாளிதழில் பருவமழை முன்னெச்சரிக்கைக் குறிப்புகள் வந்தன. டார்ச் விளக்கு, மெழுகுவத்தி, குடிநீர், பிஸ்கட், செல்பேசிக்கு முழு சார்ஜ், 1070, 1077 ஆகிய உதவி எண்கள். எல்லாம் தேவையானவைதாம். அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் படித்தும் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், "வாங்கி வைக்கத்தான் சொல்கிறார்கள், எந்தக் காசில் வாங்குவது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஐப்பசியில் பதில் கிடையாது. மாசியில் உண்டு.

நான் பேராவூரணி வட்டத்தில், கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருப்பவள். எங்களுக்குச் சம்பா ஒருபோகம், அதோடு தென்னை. ஆவணி, புரட்டாசியில் உழவு, நாற்று, நடவு, உரம் என்று கையில் இருப்பதெல்லாம் வயலுக்குள் போய்விடும். பற்றாக்குறைக்குக் கழுத்தில் காதில் கிடப்பவை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். ஐப்பசியில் தீபாவளி மீதியையும் துடைத்துவிடும். நெல் வீடு வந்து சேர்வது தையில். நடுவில் கிடக்கும் கார்த்திகையும் மார்கழியும் விவசாய வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிரும் காலி, கையும் காலி என்று நிற்கும் மாதங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு அறுந்தால்கூட "பொங்கல் வரட்டும்" என்று சொல்லும் காலம் அது.

வங்கக் கடல் எங்கள் கரைக்குப் புயலை அனுப்புவது பெரும்பாலும் அந்த மாதங்களையொட்டித்தான். நிஷா 2008 நவம்பர். தானே 2011 டிசம்பர் 30. கஜா 2018 நவம்பர் 16. நிவர் 2020 நவம்பர். மிக்ஜாம் 2023 டிசம்பர். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. புயலில்லாத சுனாமியும் 2004 டிசம்பர் 26-இல்தான் வந்தது. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் 2016 நவம்பர் 8. கஜா கரையைக் கடந்தது தீபாவளி முடிந்து பத்தாவது நாள். பலகாரத்துக்கு வாங்கிய கடனே மளிகைக் கடையில் தீராமல் இருந்தபோது கூரை பறந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் கண்ணால் கண்டோம். கொரோனா ஊரடங்கு 2020 மார்ச் 25-இல் தொடங்கியது. எங்களுக்கு அது பங்குனி. அறுவடை முடிந்து நெல் வீட்டில் இருந்தது. வேலை நின்றது, தேங்காய் வண்டி வரவில்லை, திருப்பூரிலிருந்து பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனாலும் நெல் வைத்திருந்த வீடுகளில் யாரும் சோற்றுக்குக் கையேந்தவில்லை. பேரிடர் எவ்வளவு பெரியது என்பதோடு, வரும்போது வீடு நிறைந்திருக்கிறதா வெறுமையாக இருக்கிறதா என்பதும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தின் கதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே வீடு நிறைந்திருக்கும் இந்த மாதங்களில் வெறுமையான மாதங்களுக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

கஜா அடித்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. முதலாவது, தண்ணீர். அது கிடைக்காததுதான் காற்றை விடப் பெரிய துன்பம். ஊரெல்லாம் போர்வெல், மோட்டார் என்று மாறி, அடிபம்புகளைக் கவனிப்பாரற்று விட்டிருந்தோம். வாஷர் தேய்ந்துபோய், கைப்பிடி துருவேறி நின்ற பம்புகளை அவசரத்தில் சரிசெய்ய ஆள் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துவந்து தொட்டியை நிரப்பினார்கள். செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் காசு. கையில் ரொக்கம் இல்லாதவர்கள் பாடு சொல்ல முடியாது. ஓர் அடிபம்பைச் சரிசெய்ய ஆகும் செலவை ஒரு தெருவே பகிர்ந்துகொள்ளலாம். கோடையில் அதைச் செய்து வைக்க எந்த அரசாணையும் தேவையில்லை.

இரண்டாவது, விறகு. தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு அடுப்பெரிக்க வழியில்லாமல் நின்றோம். விழுந்து கிடந்த மரமெல்லாம் பச்சை, மட்டையெல்லாம் ஈரம். காய்ந்த பாளையும் பன்னாடையும் சிரட்டையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்த வீடுகளில்தான் முதல் உலை கொதித்தது. எரிவாயு உருளை வைத்திருந்தவர்களும் மாற்று உருளை வர நாளாகும் என்று அளந்து அளந்து எரித்தார்கள். அவல் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் குழந்தைக்கும் ஆயிற்று, கிழவருக்கும் ஆயிற்று.

மூன்றாவது, மருந்து. என் மாமியாருக்கு இன்சுலின் போட்டுவந்தோம். குளிர்பதனப் பெட்டி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னபடி ஒரு பெரிய மண்சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி, நடுவில் சிறிய மண்கலயத்தைப் புதைத்தோம். இன்சுலின் புட்டியைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கலயத்துக்குள் வைத்து, வாயை ஈரத் துணியால் மூடினோம். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். காற்று படும் நிழலில், திண்ணை மூலையில் அதை வைத்தோம். கலயத்துக்குள் கை வைத்தால் சில்லென்று இருக்கும். திறந்த புட்டியைச் சூடுபடாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம் என்று மருத்துவமனையில் பிறகு விளக்கினார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் கெடு வேறு என்பதால் அவரவர் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் ஒரு மாதத்துக்கானது எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். சட்டியும் கலயமும் வாங்க மழைக்காலத்தில் போனால் குயவர் வீட்டில் இருக்காது. சூளை வைப்பது வெயில் காலத்தில்தான்.

இவையெல்லாம் முதல் சில வாரங்களின் கதை. நிவாரண அரிசி வந்தது, போர்வை வந்தது, எங்கெங்கிருந்தோ முகம் தெரியாத பிள்ளைகள் வேன் பிடித்து வந்து சோறு போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். எங்களைக் கவிழ்த்தது நான்காவது, ஐந்தாவது மாதம்தான். அப்போது வேன்கள் இல்லை, செய்தியாளர்களும் இல்லை. தோப்பில் மரமும் இல்லை.

நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். விழுந்த மரத்துக்கு அரசு அறிவித்தது 1,100 ரூபாய். அதிலும் 500 ரூபாய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. ஒன்றரை மாதத்துக்கு ஒரு தேங்காய் வெட்டு என்று கிடைத்துவந்த வருமானம் நின்றுபோன வீட்டுக்கு வாரத் தவணைக்காரர் மட்டும் தவறாமல் வந்தார். புரட்டாசியில் வாங்கிய நுண்கடன் அது. ஓடு இல்லாத வீட்டு வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்த அவரும் கூலிக்காரர்தான், அவரைத் திட்டிப் பயனில்லை. அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டக் கந்துவட்டி என்று போன குடும்பங்களில் சில, தோப்பு இருந்த மண்ணையே விற்றுவிட்டன. காற்று தின்றது மரத்தைத்தான். மண்ணைத் தின்றது வட்டி.

ஆகவே பெண்களுக்கு நான் உரிமையோடு சொல்வது ஒன்று. புரட்டாசி, ஐப்பசியில் தீபாவளிக்காக வாரத் தவணைக் கடன் வாங்காதீர்கள். பிள்ளைக்குப் பழைய சட்டை என்றாலும் பரவாயில்லை. புயல் காலத்துக்குள் நுழையும்போது வாராவாரம் கட்ட வேண்டிய கடன் தலைமேல் இருக்கக் கூடாது. நெல் விற்ற பணம் கைக்கு வரும் இப்போது, ஒரு நகையையாவது மீட்டு வீட்டில் வையுங்கள். மார்கழி வரை அதை அடகுக்கு அனுப்பாதீர்கள். எல்லா நகையும் ஏற்கெனவே அடகில் இருக்கும் வீட்டில் அவசரத்துக்கு விற்க எஞ்சுவது ஆடுமாடும் நிலமும்தான்.

நெல்லையும் முழுவதுமாகக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிவிட வேண்டாம். ரேஷன் அரிசி இருக்கிறதே என்ற தைரியத்தில் குதிர்களையும் பத்தாயங்களையும் உடைத்துவிட்டோம். கடை திறக்க முடியாத நாளில், பாலம் அறுந்து லாரி வராத நாளில் என்ன செய்வது? நன்றாகக் காய்ந்த நெல்லில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு வைத்தால் அடுத்த தை வரை கெடாது. ஆனால் ஐப்பசி பிறக்கும் முன் ஒரு மூட்டையையாவது அவித்து அரைத்து அரிசியாக்கி வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது அரவை ஆலையும் ஓடாது என்பதை மறந்துவிடக் கூடாது. புளி, உப்பு, மிளகாய், பருப்பு ஆகியவற்றையும் கோடையில் ஆண்டுக்கு வாங்கி வைப்பது நம் பாட்டிகளின் வழக்கம். சுண்டை, மிதுக்கம், கொத்தவரை வற்றலும் வடகமும் கருவாடும் இந்த வெயிலில் காய்ந்தால்தான் உண்டு. காய்கறி வண்டி வராத கார்த்திகையில் ஒரு கைப்பிடி வற்றலும் புளியும் இருந்தால் குழம்பு ஆகிவிடும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்பேசிக் கோபுரம் சாய்ந்து செல்பேசி செத்துப்போனால் கடைக்காரரிடம் நீட்டும் அட்டையும் வேலை செய்யாது, கியூஆர் பலகையும் வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று சில்லறை நோட்டாக ஒரு வாரச் செலவுக்கு வீட்டில் இருக்க வேண்டும். அதற்காகச் சிறுவாட்டுப் பணம் முழுவதையும் அரிசிப் பானையிலேயே வைக்கச் சொல்லவில்லை. 2016-இல் எத்தனை பெண்கள் அந்த ரகசியத்தை வங்கி வரிசையில் கொண்டுபோய்க் கொட்ட நேர்ந்தது! அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். பன்னிரண்டு தவணை கட்டிவிட்டால் இருப்பில் பாதி வரை கடன் பெறலாம். அது கந்துவட்டிக்காரரிடம் போகாமல் தடுக்கும் தொகை.

எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். சேமிப்பில் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, தை பிறக்கும் வரை உறுப்பினர் யாருக்கும் குழுவின் உள்கடனாகத் தருவதில்லை. புயலோ வெள்ளமோ வந்தால் முதலில் குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டுக்குத் தருவோம். வராவிட்டால் பொங்கலுக்கு முன் பொதுச் சேமிப்பில் சேர்த்துவிடுவோம். "சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி போகிறதே" என்று முதலில் சண்டை நடந்தது. இப்போது யாரும் கேட்பதில்லை.

காப்பீட்டிலும் காலம் முக்கியம். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் எடுக்கும் விபத்துக் காப்பீட்டுக்கு ஜூன் முதல் தேதிதான் கணக்கு. விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். மரமேறுகிறவர், விழுந்த மரத்தை அறுக்கப் போகிறவர் உள்ள வீட்டில், மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? தென்னைக்குத் தனிக் காப்பீடு உண்டு என்பதே கஜாவுக்கு முன் எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. பிரிமியத்தில் பாதியைத் தென்னை வளர்ச்சி வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, விவசாயி கட்டுவது மீதிக் கால் பங்குதான். சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அதைக் கடைசி நாள் வரிசையில் நின்று கட்ட வேண்டியதில்லை.

பட்டா, பத்திரம், ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புத்தகம், அடகு ரசீது ஆகியவற்றை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் வாளியில் போட்டு வையுங்கள். ஒரு நகல் வெளியூரில் இருக்கும் மகளிடமோ தம்பியிடமோ இருக்கட்டும். வீட்டையும் தோப்பையும் மாடுகளையும் செல்பேசியில் இப்போதே படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் ஏட்டில் தென்னை என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். சேதம் கணக்கெடுக்க வருகிறவர் முன்னால் விழுந்து கிடக்கும் மரத்தைக் காட்டி அழுவதைவிட ஏட்டைக் காட்டுவது பலன் தரும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஐப்பசியில் வெளியிடும் அந்தப் பக்கத்தை நிறுத்த வேண்டாம். அதோடு, ஆண்டுதோறும் பங்குனியில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தக் காப்பீட்டுக்கு எப்போது கடைசி நாள், நகைக்கடன் வட்டி எங்கே எவ்வளவு, எதை எப்போது சேமிக்க வேண்டும் என்று வெளியிடுங்கள். ஆடி மாதத்துக்குள் ஊர்தோறும் அடங்கல் சரிபார்ப்பு முகாம் நடத்துமாறும், அடிபம்புகளைப் பழுது பார்க்குமாறும் மாவட்ட நிர்வாகங்களைத் தங்கள் தலையங்கத்தில் வலியுறுத்துங்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தங்கள் செய்தியாளரை அனுப்பினால் எங்கள் குழுப் பெண்கள் கணக்கு ஏடுகளோடு வந்து பேசத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மகளிர் சுயஉதவிக் குழு ஊக்குநர் ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.